தை மாதக் கல்யாணம், இருவர் சேமிப்பு 8 லட்சம்: கடன் இல்லாமல் முடிக்க வழி சொல்லுங்கள்

கேள்வி: கயல்_கும்பகோணம்

எல்லோருக்கும் வணக்கம். வரும் தையில் எனக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். எனக்குக் கும்பகோணம் பக்கம், அவருக்குக் கரூர், இருவருக்கும் வேலை சென்னையில். இரண்டு ஊர்க்காரர்களும் வந்து போக வசதி என்று திருச்சியில் மண்டபம் பார்க்கிறோம்.

கல்யாணச் செலவு பெண் வீடு, வரவேற்புச் செலவு மாப்பிள்ளை வீடு என்று வழக்கப்படிதான் பெரியவர்கள் பேச்சை ஆரம்பித்தார்கள். நாங்கள் இருவரும் பேசி, எல்லாவற்றையும் ஒரே கணக்காக வைத்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டோம். என் சேமிப்பு நாலரை லட்சம், அவருடையது மூன்றரை. தங்கை படிப்புச் செலவு அவர் தலையில் இருப்பதால் அவரால் அவ்வளவுதான் முடிந்தது. ஆளுக்குப் பாதி என்று முதலில் சொன்னது இப்போது அவருக்குச் சங்கடமாக இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

சமையலுக்கு ஒரு இடத்தில் விசாரித்தோம். வரவேற்பு இரவுச் சாப்பாடு இலைக்கு 250, காலை டிபன் 150, முகூர்த்தச் சாப்பாடு 240 என்றார்கள். மண்டபம் ஒன்றே கால் லட்சம், வரி தனி. நாங்கள் இரவுக்கு 400 பேர், காலைக்கும் மதியத்துக்கும் 300 பேர் என்று நினைத்திருக்கிறோம். அத்தை, அதாவது அவருடைய அம்மா, எழுநூறு பேருக்குக் குறையாது என்கிறார்.

என் அப்பாவுக்கு வேலையில் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஒரே பெண், வெறும் கழுத்தோடு அனுப்ப முடியாது, சொசைட்டியில் ஐந்து லட்சம் லோன் போட்டு நகை வாங்குகிறேன் என்று நிற்கிறார். அம்மாவிடம் பன்னிரண்டு பவுன் பழைய நகை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் நகை கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்பா கடனாளியாக ஓய்வு பெறுவதில் கொஞ்சமும் விருப்பமில்லை. எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது, வீட்டில் எப்படிப் பேசலாம், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மணச்சநல்லூரான்:

நாங்கள் இரண்டு தலைமுறையாகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர்கள், அதனால் சாப்பாட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன் தங்கச்சி. உன் கணக்கில் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது இலை எண்ணிக்கைதான். நீ சொன்ன விலைக்கே போட்டுப் பார். 400, 300, 300 என்றால் 2,17,000 ரூபாய். அத்தை சொல்கிறபடி இரவுக்கு 700, காலை மதியம் 450 என்று வைத்தால் 3,50,500. வித்தியாசம் 1,33,500. அதோடு நிற்காது, ஆள் கூடினால் மண்டபம் பெரிதாக வேண்டும், பத்திரிகை கூடும், தாம்பூலப் பை கூடும், கரூரிலிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.

காண்ட்ராக்ட் பேசும்போது எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லி உறுதி கொடு. 400 என்று எழுதிவிட்டால் 330 பேர் வந்தாலும் 400க்குத்தான் காசு. 350க்கு உறுதி கொடுத்துவிட்டு, அதற்கு மேல் விழுகிற இலைக்கு அதே விலையில் தருகிறேன், நாற்பது ஐம்பது இலை வரை கூடினாலும் சமாளிக்க வேண்டும் என்று பேசு. ஓரளவு கூடுதலாகச் சமைப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். கூட்டிச் சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் குறைக்கிறேன் என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அரிசி பருப்பு காய்கறி அதற்குள் இறங்கியிருக்கும்.

இலையை எண்ணுவதற்கு நம்பிக்கையான ஒரு ஆளை வை. சித்தப்பாவோ மாமாவோ, வாசலில் வரவேற்கும் பொறுப்பு இல்லாத ஒருவர். முதல் பந்தி போடுவதற்கு முன்னால் இலைக்கட்டை அவர் கண்முன் எண்ண வேண்டும், கடைசிப் பந்தி முடிந்ததும் மிச்சத்தை எண்ணிக் கழிக்க வேண்டும், கிழிந்த இலையைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்ல வேண்டும். ஒரு பந்திக்கு எத்தனை நாற்காலி, எத்தனை பந்தி நடந்தது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வந்தால் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகும். கல்யாண வீட்டுக்காரர் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் கணக்கு வளருகிற இடங்களும் இருக்கின்றன, தொழிலில் இருப்பவன் என்பதால் இதைச் சொல்லத் தயங்கவில்லை. மேளக்காரர், போட்டோக்காரர், டிரைவர், அலங்காரத்துக்கு வந்த பையன்கள், இவர்கள் இலையும் எண்ணிக்கையில் வரும். இவர்கள் முப்பது நாற்பது பேராவது இருப்பார்கள், உன் பட்டியலில் அவர்கள் இருக்கிறார்களா பார்.

250 ரூபாய்க்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்கு. இலை, தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம், பீடா, பரிமாறுகிறவர் கூலி, பாத்திரம் கழுவும் கூலி, கேஸ், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி. இதில் பாதியை வெளியே வைத்துவிட்டு விலை குறைவாகச் சொல்கிறவர்கள் உண்டு. அயிட்டங்களைக் குறைப்பதில் வெட்கமே வேண்டாம். இரவுக்கு இருபத்தைந்து வகை போட்டால் பாதி இலையோடு மடிந்து குப்பைக்குத்தான் போகிறது, அதைத் தினம் பார்க்கிறவன் நான், மனசு ஆறாது. பதினைந்து வகையைச் சூடாகவும் ருசியாகவும் போட்டால் வந்தவர்கள் வயிறு நிறைந்து வாழ்த்திவிட்டுப் போவார்கள். சாம்பார், ரசம், பாயசம், காபி, இந்த நான்கில் மட்டும் கை வைக்காதே.

மண்டபத்தில் வாடகையை விட மேல்செலவைக் கவனி. கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, கிளீனிங், அறைகளுக்கு ஏசி, எல்லாம் தனித்தனியாக வரும். வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது ஒன்றே கால் லட்சத்துக்கு 22,500 கூடுதல். மேடை அலங்காரமும் சமையலும் எங்கள் ஆள்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் உள்ள மண்டபமா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடு. தையில் ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தத்துக்கு அடிதடியாக இருக்கும். மார்கழி முழுக்கக் கல்யாணம் இல்லாமல் இருந்துவிட்டு எல்லோரும் தையில்தான் வருகிறார்கள். புதன், வியாழன் முகூர்த்தம் கிடைத்தால் மண்டபத்திலும் எங்களைப் போன்றவர்களிடமும் பேசிக் குறைக்க முடியும்.


தாமரைக்குளம்:

கயல், அப்பா லோன் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு மூன்று வருடத்தில் கட்டினால் மாதம் பதினாறாயிரத்துக்கு மேல், மொத்தம் ஆறு லட்சத்தை ஒட்டி வரும். ஓய்வு பெறும் கடைசி மாதம் வரை சம்பளத்தில் பிடித்தம். இந்தக் கணக்கை அப்பாவிடம் காகிதத்தில் எழுதிக் காட்டு.

அந்தக் காசுக்கு எவ்வளவு நகை வரும் என்பதையும் எழுது. 2024 ஜனவரியில் பவுன் 47 ஆயிரத்தை ஒட்டி இருந்தது, 2025 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பவுன் ஒரு லட்சம், சேதாரம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள், 1,10,000. அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி, 1,13,300. ஐந்து லட்சத்துக்கு நாலரைப் பவுன் கூட வராது. அட்டிகை, ஆரம் மாதிரி வேலைப்பாடு உள்ளதை எடுத்தால் சேதாரம் இன்னும் ஏறும், இன்னும் குறைவாகத்தான் கைக்கு வரும். இதற்காக ஒரு மனிதர் மூன்று வருடம் பிடித்தத்தில் வாழ வேண்டுமா?

அம்மாவின் பன்னிரண்டு பவுன் இருக்கிறதே, அது போதும். ஆனால் அதைக் கொடுத்துப் புது டிசைன் மாற்றுகிறேன் என்று மட்டும் கிளம்பாதே. பழையதைக் கொடுக்கும்போது கல், அரக்கு, அழுக்கு எல்லாம் கழிப்பார்கள், அன்றைக்கு உங்கள் அம்மா கட்டிய சேதாரம் திரும்பி வராது, புதியதற்கு மறுபடி சேதாரம் கட்ட வேண்டும். பன்னிரண்டு கொடுத்துப் பத்தரை வாங்கிக்கொண்டு வருவாய். அதற்குப் பதில் நம்பிக்கையான பத்தரிடம் கொடுத்து மெருகு போட்டு, அறுந்த கண்ணிகளைப் பற்றவைத்து, திருகாணி மாற்றி வாங்கிக்கொள். பழைய கால கெம்பு நெக்லஸை இப்போது கடையில் புதிதாகச் செய்து எவ்வளவு விலைக்கு விற்கிறார்கள் தெரியுமா, உன் அம்மா பெட்டியில் அசலே இருக்கும். வரவேற்புக்குச் சிதம்பரம் கவரிங்கோ வாடகைக்கு எடுக்கும் செட்டோ போதும், அந்த விளக்கு வெளிச்சத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

தாலிக்கும் தாலிச் சங்கிலிக்கும் புதுத் தங்கம் வாங்கத்தான் வேண்டியிருக்கும். அதற்கு ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் உள்ள எச்யுஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தருகிற அடையாள எண், இருக்கிறதா பார். 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை, என்ன தரம் எல்லாம் வரும், கடையிலேயே நின்று போட்டுப் பார்க்கலாம். நகைச்சீட்டுப் போடலாமா என்று யாராவது கேட்டால், பதினோரு மாதச் சீட்டு தைக்குள் முடியுமா என்று பார்த்துவிட்டுச் சேர். முடியாவிட்டால் சேதாரச் சலுகை முழுதாகக் கிடைக்காது.

புடவைக்குச் சென்னையில் அலையாதே, நீ கும்பகோணத்துப் பெண். பக்கத்தில் திருபுவனம் பட்டுக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் இருக்கும்போது முகூர்த்தப் புடவைக்கு வேறு எங்கே போக வேண்டும்? தீபாவளியை ஒட்டிப் போனால் தள்ளுபடியும் இருக்கும். வரவேற்புக்கு நாற்பதாயிரத்துக்கு லெஹங்கா எடுத்து ஒரே நாள் கட்டி மடித்து வைப்பதை மட்டும் யோசித்துச் செய்.


சின்னமனூர்க்காரர்:

எனக்கு வயது அறுபத்தொன்று, இரண்டு மகள்களுக்கும் கல்யாணம் செய்துவைத்தவன். நீங்கள் இருவரும் எடுத்த முடிவு நல்ல முடிவு, ஆனால் எழுநூறு பேர் என்று அந்த அம்மா சொல்வதை வீண் ஜம்பம் என்று நினைத்துவிடாதே அம்மா.

அவர் வீட்டில் ஒரு மொய் நோட்டு இருக்கும், கேட்டுப் பார். அவர்கள் கல்யாணம், பிள்ளைக்குக் காதுகுத்து, வீடு குடிபோனது என்று எல்லாவற்றுக்கும் யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அதில் இருக்கும். அதேபோல் இத்தனை வருடம் அவர் எத்தனை வீட்டுக்குப் போய் எழுதிவிட்டு வந்திருப்பார். தான் செய்த வீட்டுக்கெல்லாம் பத்திரிகை வைக்காவிட்டால் அந்த முறை அறுந்து போகும். நம் பக்கத்தில் மொய் என்பது அன்பளிப்பு என்ற பெயரில் சுற்றி வருகிற கடன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய்விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள் என்றால் அதன் ஆழத்தைப் பார்த்துக்கொள். அதனால் ஆட்களைக் குறைக்கச் சொன்னால் அவருக்குத் தன் இருபது வருடத்துச் செய்முறையையே அழிக்கச் சொன்ன மாதிரி இருக்கும்.

அதனால் எண்ணிக்கையில் ஆரம்பிக்காமல் நோட்டில் ஆரம்பியுங்கள். உன் வருங்காலக் கணவர் அவர் அம்மாவோடு உட்கார்ந்து, அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்க்கட்டும். நீ போகாதே, மகன்தான் போக வேண்டும். செய்முறை உள்ளவர்கள், நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியவர்கள், போனில் சொன்னால் போதும் என்கிறவர்கள் என்று அவரே பிரிப்பார். காலமானவர்கள், தொடர்பு விட்டுப்போனவர்கள், ஊர் மாறிப் போனவர்கள் என்று எத்தனையோ பேர் கழிவார்கள். மீதி உள்ள உள்ளூர்க்காரர்களுக்குக் கரூரில் மறுவீட்டு அன்று மதியம் ஒரே ஒரு சாப்பாடு போட்டு முடித்துவிடலாம். வீட்டு வாசலில் பந்தல் போட்டால் மண்டப வாடகையும் மிச்சம், அவருக்கும் தன் ஊரில் தன் மக்களுக்குச் சோறு போட்ட திருப்தி.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வரப்போகும் மொய்யை நம்பி ஒரு ரூபாய் கூடச் செலவில் சேர்க்காதீர்கள். அது வந்தாலும் திருப்பிச் செய்ய வேண்டிய காசு. யார் பக்கத்து மொய் யாருக்கு என்பதையும் கல்யாணத்துக்கு முன்பே பேசி வையுங்கள். அந்தந்த வீட்டு மொய் அந்தந்த வீட்டுக்கு என்பதுதான் நியாயம், ஏனென்றால் திருப்பி எழுதப்போவது அவர்கள்தான்.


கயல்_கும்பகோணம்:

ஐயா, மொய் நோட்டு விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. நேற்று அவர் ஊருக்குப் போய் அத்தையோடு உட்கார்ந்தார். ஐநூற்று இருபதில் வந்து நிற்கிறது, அதில் நூற்றைம்பது பேர் கரூரிலேயே மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு என்று அத்தையே சொல்லிவிட்டாராம். அதைச் சொன்னபோது அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

மணச்சநல்லூர் அண்ணாவுக்கும் தாமரைக்குளம் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் கணக்கை எழுதிக் காட்டினேன். நாலரைப் பவுன் கூட வராது என்றதும் பேசாமல் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். அவர் நண்பர்கள் சிலர், வயலூர் முருகன் கோயிலில் தாலி கட்டிவிட்டு மண்டபத்தில் சாப்பாடு மட்டும் வைத்தால் நிறையக் குறையும் என்கிறார்கள். அப்புறம், நகைக்கும் மண்டபத்துக்கும் ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறைப்போம் என்று கேட்கிறார்கள், கொடுக்கலாமா?


வரிக்கணக்கு:

இரண்டாவதற்கு முதலில். ஒரே நபரிடமிருந்து ஒரே நிகழ்வுக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். தண்டம் வாங்கியவருக்குத்தான், ஆனால் உங்கள் கையில் ரசீது இல்லாமல் போவது உங்களுக்கு நஷ்டம். மண்டபத்தில் தேதி மாற்றிக் கொடுத்துவிட்டால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? நகையில் பில் இல்லாவிட்டால் எடைக்கும் தரத்துக்கும் ஆதாரம் இல்லை. வங்கி வழியாகவோ யுபிஐயிலோ கொடுங்கள். கல்யாணத்தின்போது மணமக்களுக்கு வருகிற பரிசுக்கு வரி கிடையாது, உறவினர் நண்பர் யார் கொடுத்தாலும் சரி. ஆனால் அந்தச் சலுகை மணமக்களுக்கு மட்டும்தான் என்பதால், உங்களுக்கென்று வருகிற பெரிய தொகையை உங்கள் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயில் கல்யாணம் நல்ல யோசனைதான். ஆனால் எவ்வளவு மிச்சம் என்பது நீங்கள் மண்டபத்தை எத்தனை நேரத்துக்கு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முந்தின நாள் மாலை வரவேற்பும் அதே மண்டபத்தில் என்றால் வாடகை அப்படியேதான் இருக்கும், மேடை அலங்காரத்தில் கொஞ்சம் குறையலாம். வரவேற்பையும் விருந்தையும் ஒரே வேளையாக்கி, காலையில் கோயிலில் தாலி, மதியம் அரைநாள் ஹாலில் சாப்பாடு என்று வைத்தால்தான் பெரிய மிச்சம். முகூர்த்த நாளில் வரிசையாகப் பல ஜோடிகள் வருவார்கள் என்பதால் கோயிலில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், என்னென்ன சான்று கேட்கிறார்கள் என்று நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

புரோகிதர் இல்லாமல் செய்ய நினைத்தாலும் தமிழ்நாட்டில் தடை ஒன்றும் இல்லை. 1967ல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்த்து, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். எப்படிச் செய்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், 2009 சட்டப்படி அது கட்டாயம். ஒரு பத்திரிகையையும் மண்டப ரசீதையும் அதற்காகப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.


நெல்லை_சுபா:

எல்லோரும் செலவைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், பாதிப் பாதி பற்றி யாரும் சொல்லவில்லை. கயல், அதை இன்றைக்கே கைவிடுங்கள். நாலரையும் மூன்றரையும் ஒரே கணக்கில் போய் விழட்டும். இருவர் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்கு திறந்து, கல்யாணச் செலவு எல்லாம் அதிலிருந்தே போகட்டும். அதற்குள் போன காசில் யாருடையது எவ்வளவு என்ற பேச்சே வேண்டாம். அவர் தங்கையைப் படிக்க வைக்கிறவர், அதில் குறைபட ஒன்றுமில்லை என்று நீங்களே ஒரு முறை வாய் திறந்து சொல்லுங்கள். அவராக ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தால் நடக்காது, ஆண்களுக்கு இந்தப் பேச்சு எளிதில் வராது.

எட்டு லட்சத்தில் ஏழுக்குத்தான் திட்டம் போட வேண்டும். மீதி ஒரு லட்சத்தைத் தொடாதீர்கள். கடைசி வாரத்தில் பூ விலை ஏறும், பஸ் ஒன்று கூடுதலாகத் தேவைப்படும், தாய்மாமனுக்கு வேட்டி சட்டை விட்டுப்போயிருக்கும், நாதஸ்வரக்காரருக்கு மாலை வரவேற்புக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். தேவைப்படாமல் மிஞ்சினால் சென்னையில் வீட்டு அட்வான்ஸுக்கு ஆகும். அதை யாருமே கல்யாணச் செலவில் சேர்ப்பதில்லை, ஆனால் தாலி கட்டிய மாதமே வந்து நிற்கிற செலவு அது. கேஸ் இணைப்பு, கட்டில், பாத்திரம் எல்லாம் பின்னாலேயே வரும்.

ஐயாயிரத்துக்கு மேல் எதுவாக இருந்தாலும் இருவரும் பேசாமல் யாருக்கும் சரி சொல்லாதீர்கள். போட்டோக்காரர் ஆல்பத்தில் பக்கம் கூட்டலாமா, டிரோன் வைக்கலாமா என்று உங்களிடம் தனியாகக் கேட்பார், அலங்காரக்காரர் அவரிடம் தனியாகக் கேட்பார். இருவருமே "கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று உங்கள் இருவர் கையிலும் காசு இருக்கக் கூடாது. உங்கள் பக்கம் ஒருவர், அவர் பக்கம் ஒருவர், ஆளுக்கு ஒரு பை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிய கவர்களைப் பெயரோடு முந்தின நாளே அதில் போட்டுவிடுங்கள்.

அப்பா பற்றி. அவர் கையால் ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று நினைக்கிறார், அந்த ஆசையைத் தட்டிக்கழிக்காதீர்கள். லோன் வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அவர் மனம் உடைந்துபோகும். திருபுவனத்துக்கு அவரையே கூட்டிக்கொண்டு போய், முகூர்த்தப் புடவை அப்பா எடுத்துக் கொடுத்ததாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அது அவர் கையிருப்பிலேயே முடிகிற செலவு. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறீர்களா?